கடலோர மலையில் இரண்டு நாள்

2025ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி வாரம். ஆண்டு நடுவிடுமுறை தொடங்கச் சில நாள்களே இருந்தன. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில், துணிக்கடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் இடையே நெருக்கியடித்து நடந்துகொண்டிருந்த மக்கட் கூட்டத்தில் நானும் ஒருவனாய், மலிவான ரப்பர்ச் சப்பாத்து விற்கும் கடையைத் தேடிக்கொண்டிருந்தேன். மாணவர் இருபத்திரண்டு பேரைக் கெடா மாநிலத்து ஜெராய் மலைக்கு அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. அவர்களுள் ஒன்பது பேருக்குப் பள்ளிக்கு அணியும் கறுப்புச் சப்பாத்தைத் தவிர வேறு காலணி கிடையாது. காட்டுவழியில் நடப்பதற்கு, 'அடிடாஸ் கம்போங்' என்று நம் நாட்டவர் வேடிக்கையாகப் பெயர் சூட்டியிருக்கும் அந்த ரப்பர்ச் சப்பாத்துக்கு இணையானது வேறில்லை. விலையும் குறைவு, வழுக்கலிலும் பிடிப்பு உண்டு.

கடை கண்ணில் படுவதற்கு முன்னே, பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் என்னைக் கண்டுகொண்டார். அவர் மகன் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிப்பவன். கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"சார், பாரத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். ஆனா ரெண்டு நாளாத் தூக்கம் வரல. காடு, பாம்பு, அருவின்னு சொல்றாங்க. ஏதாவது ஒண்ணுன்னா யார் சார் பதில் சொல்றது?"

அவர் கடையிலிருந்து சற்றுத் தொலைவில்தான், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், நடைபாதை திடீரென உள்வாங்கி, சுற்றுலா வந்திருந்த இந்தியப் பெண்மணி ஒருவரை விழுங்கிற்று. ஒன்பது நாள் தேடினார்கள். அவர் கிடைக்கவே இல்லை. இடர் மலையில்தான் இருக்கிறது என்று யார் சொன்னது, நாள்தோறும் நாம் நடக்கும் இந்தத் தெருவிலே இல்லையா என்று கேட்க என் நா எழுந்தது. அடக்கிக்கொண்டேன். தாயின் அச்சத்தை வாதத்தால் வெல்வது ஆசிரியனுக்கு அழகன்று. மேலும், அவர் கேட்டது நேர்மையான கேள்வி.

"நான் பதில் சொல்கிறேன், அம்மா" என்றேன்.

சொல்லுவதற்கு எவ்வளவு எளிதாக இருந்தது அந்தச் சொல்! ஒன்பது சோடி சப்பாத்துகளை இரண்டு பைகளில் சுமந்துகொண்டு இலகு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தபோது, கடமையை நன்றாகவே ஆற்றிவிட்டதாக எனக்குள் ஒரு நிறைவு இருந்தது.

மலைக்குப் போகும் எண்ணம் தோன்றிய வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்திய ஆண்டில் ஒருநாள், ஆசிரியர் ஒருவர் மருத்துவ விடுப்பில் இருந்தமையால் அவர் வகுப்பிற்கு நான் சென்றேன். பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, அப்படிக் கிடைக்கும் வகுப்புகளில் ஐவகை நிலங்களைப் பற்றிப் பேசுவது என் பழைய வழக்கம். குறிஞ்சி என்றால் மலையும் மலையைச் சார்ந்த இடமும் என்றேன். மாணவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். நெய்தல் என்றேன், அதையும் சொன்னார்கள். குரலில் குறையில்லை. "உங்களில் மலை ஏறியவர் யார்?" என்று கேட்டேன். மூன்று கைகள் உயர்ந்தன. இரண்டு பேர் பத்துமலையின் 272 படிகளை ஏறியவர்கள். மூன்றாமவள் கெந்திங் மலைக்குக் கம்பிவண்டியில் போனவள்; அவள் கால் ஏறவில்லை, வண்டிதான் ஏறிற்று. மற்றவர்கள் அடுக்குமாடி வீட்டின் பதினான்காம் மாடிக்கு மின்தூக்கி பழுதான நாள்களில் ஏறியிருக்கிறார்கள். அதையும் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒரு பையன் கேட்டான்.

நான் சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பள்ளி விடுமுறை என்றால் எங்களுக்கு ஓடை, குன்று, மீன், அட்டை. அதற்குப் 'புறப்பாட நடவடிக்கை' என்னும் பெயர் உண்டென்பதை 1990களில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகுதான் அறிந்தேன். அங்கே திசைகாட்டியைப் பார்க்கவும் கூடாரம் அடிக்கவும் கற்பித்தார்கள், மதிப்பெண்ணும் இட்டார்கள். தோட்டத்து வாழ்வைப் பொற்காலமென்று போற்றிப் பாடும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். விடியுமுன் எழுந்து பால்மரத்தடிக்குச் சென்ற என் தாயின் கைகளைப் பார்த்தவன் அதைப் பாடமுடியாது. ஆயினும், அந்த வாழ்வை விட்டு வந்தபோது மண்ணோடும் மரத்தோடும் இருந்த பழக்கத்தையும் சேர்த்து விட்டுவிட்டோம். என் மாணவர்களுக்குக் குறிஞ்சியும் நெய்தலும் அகராதிச் சொற்களாக மட்டும் இருப்பதற்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர்.

கேமரன் மலைக்குப் போகலாமே என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். அங்கே ஸ்ட்ராபெரிப் பழமும் கடைத்தெருவும் பிள்ளைகளை இழுத்துக்கொள்ளும். மலையை யார் பார்ப்பார்கள்? மேலும் அது நாட்டின் நடுவே நிற்கும் மலைத்தொடர். கடலும் மலையும் ஒருங்கே நிற்கும் இடம் எனக்கு வேண்டியிருந்தது. ஜெராய் அத்தகையது. அதன் உயரம் 1,217 மீட்டர்தான். சபாவின் கினபாலு மலையோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சுற்றிலும் துணை மலைகள் இல்லாமல், ஒரு பக்கம் மலாக்கா நீரிணையும் மறுபக்கங்களில் நெல்வயலும் சமவெளியுமாக, தன்னந்தனியே எழுந்து நிற்பதால், அதன் உயரம் கண்ணுக்கு இரு மடங்காகத் தோன்றுகிறது. வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்கால மாலுமிகளுக்குக் கரை நெருங்கிவிட்டதை முதலில் அறிவித்தது இந்த மலைதான். அந்நாளில் கடலும் இன்றைக்கு இருப்பதைவிட மலையடியை நெருங்கியே இருந்தது என்பர் ஆய்வாளர்.

தமிழாசிரியனுக்கு அந்த மலையோடு இன்னோர் உறவும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும் பட்டினப்பாலை, காழகத்திலிருந்து வந்த செல்வத்தையும் சேர்த்துச் சொல்கிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பியதையும், அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்ததையும் லெய்டன் செப்பேடுகள் கூறும். அவன் மகன் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டில் கப்பற்படை அனுப்பிக் 'கடாரம் கொண்டான்' ஆனதை நம் பிள்ளைகள் அறிவார்கள். கொடை கொடுத்த கதையை அவ்வளவாக அறியமாட்டார்கள். போர்தான் நினைவில் நிற்கிறது. அந்தக் கடாரத்தை இன்றைய கெடாவோடும், ஜெராய் மலையடியில் பரந்து கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கோடும் இணைத்துப் பார்ப்பது அறிஞர் பலரின் கருத்து.

இரவு புறப்பட்ட பேருந்து, ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் ஓடி, விடியற்காலையில் குருணை அடைந்தது. அவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்று தன் மண்டபத்தைத் தங்குவதற்குத் தந்திருந்தது. மேற்கே கடலோரத்தில் இருக்கும் மாவட்டத்தின் பெயர் யான். அப்பெயரை வழிகாட்டிப் பலகையில் படித்த ஒரு மாணவி, "ஐயா, இந்த ஊருக்கு ஆணவம் அதிகம். 'யான், யான்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்" என்றாள். தன்மை ஒருமையைக் கற்பித்த ஆசிரியை பூரித்துப் போனார். அந்தப் பெயருக்கு வேறொரு நினைவும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மலைமேல் எங்களுக்கு வழிகாட்ட வந்தவர், காட்டுப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற மலாய் முதியவர். 'பாக் சிக்' என்று அழைத்தோம். மலைப்பாதையில் பாதித் தொலைவு வரை வண்டிகள் ஏற்றிச் சென்றன. எஞ்சியதை நடக்க வேண்டும் என்றதும் சிலருக்கு வயிற்றுவலி வந்தது. காற்று குளிர்ந்திருந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு பாகை வெப்பம் குறையும் என்று அறிவியல் ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் கவனமெல்லாம் அட்டையின்மேல் இருந்தது. ஒருவனுடைய கணுக்காலில் அட்டை ஏறியதும் எழுந்த கூச்சலில் குரங்குகள் கிளை தாவி ஓடின. "பிடுங்காதே! பிடுங்கினால் புண்ணாகும். நகத்தால் அதன் வாயை மெல்லத் தள்ளு" என்றேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன் கற்ற கல்வி. மதிப்பெண் இடப்படாத கல்வி. அன்றுதான் தலைமையாசிரியருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது என்று மாணவர்கள் ஒப்புக்கொண்டார்கள் போலும்.

குடுவைத் தாவரத்தைப் பாக் சிக் காட்டினார். மலாயில் அதற்குப் 'பெரியோக் கெரா' என்று பெயர். குரங்கின் பானை என்று பொருள். பானைக்குள் மூழ்கிக் கிடந்த எறும்புகளைக் கண்டு, செடி உயிரைத் தின்னுமா என்று வியந்தார்கள். மண்ணில் சத்துக் குறைந்த இடத்தில் வேரால் பெறாததை இலையால் பெறுகிறது என்று விளக்கினோம். ஒரு மாணவி, "குறிஞ்சிப் பூ எங்கே, ஐயா?" என்று கேட்டாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அந்தக் குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. இங்கே இல்லை என்றேன். அவள் முகம் வாடியது. "பூ இல்லாவிட்டால் இது குறிஞ்சி நிலம் ஆகுமா?" என்றாள். பயிற்சிக் கல்லூரியில் எனக்கு எவரும் கேட்டிராத வினா. பெயர் ஓரிடத்துப் பூவிலிருந்து வந்தது, நிலமோ உலகெங்கும் உண்டு என்று ஏதோ சொன்னேன். எனக்கே அது நிறைவளிக்கவில்லை.

உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. பொதுமக்கள் நின்று பார்க்கும் இடம் அதற்குக் கீழே உள்ளது. நாங்கள் அங்குச் சேர்ந்தபோது முகிலைத் தவிர எதுவும் தெரியவில்லை. புளிச்சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்து உண்டோம். உண்டு முடிக்கும் வேளையில் காற்று எழுந்தது. திரை விலகுவது போல் முகில் கலைந்தது. பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

காலடியில் மலைச்சரிவு. அதன்கீழ்க் காடு. காடு முடிந்த இடத்தில், கோடு போட்டு வகுத்தாற்போல் நெல்வயல்கள். மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970ஆம் ஆண்டு முதல் இருபோகம் விளையும் வயல்கள் அவை. வயலுக்கு அப்பால் கடல், கடலில் தீவுகள். "சொல்லுங்கள், எது எது?" என்று கேட்டேன். இம்முறை ஒரே குரலில் விடை வரவில்லை. ஆளுக்கொரு திசையில் கை நீட்டினார்கள். நாம் நிற்பது குறிஞ்சி, அதோ முல்லை, அதோ மருதம், அந்தக் கோட்டுக்கு அப்பால் நெய்தல் என்றார்கள். ஒரு பையன் மருதம் முடியும் இடத்தைக் காட்டி, அங்கே வயலிலும் மீன் பிடிப்பார்கள் போலிருக்கிறதே, அது எந்த நிலம் என்று பூசலிட்டான். திணை மயக்கம் என்னும் சொல்லைச் சொல்லாமலே அதைக் கண்டுகொண்டான்!

"பாலை எங்கே?" என்றேன்.

சிறிது நேரம் அமைதி. பிறகு அந்தப் பூக்கடை அம்மையாரின் மகன் சொன்னான்: "மத்தியானம் ரெண்டு மணிக்கு மஸ்ஜித் இந்தியா, ஐயா."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் சிந்தித்தால், பாலைக்குத் தனி நிலம் வகுக்காத தொல்காப்பியரும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்ற இளங்கோவடிகளும் அவனைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

மறுநாள் காலை, மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட் காட்சியகத்தையும், சிற்றாற்றங்கரையில் நிற்கும் புக்கிட் பத்து பாகாட் சண்டியையும் பார்த்தோம். 1936இலும் 1937இலும் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த இடங்களுள் அது ஒன்று. 1959, 1960ஆம் ஆண்டுகளில் கல் கல்லாக அடுக்கி மீட்டெடுக்கப்பட்டது. அடித்தளமும் தூண்களின் கற்பாதங்களும் எஞ்சியுள்ளன, கூரை இல்லை. இதே பள்ளத்தாக்கில் வேறொரு சண்டி வீட்டுமனைக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளிவந்ததை ஆசிரியர் ஒருவர் சொன்னார். பிள்ளைகள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வெயில் ஏறியிருந்தது. அவர்கள் மனம் அருவியில் இருந்தது.

இனி, எழுதுவதற்கு எனக்கு விருப்பமில்லாத பகுதி வருகிறது.

மலையடியில் அருவி ஒன்றுக்குச் சென்றோம். கணுக்கால் நனையும் ஆழமே இருந்தது. நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. பெரிய பாறைகளின்மேல் சப்பாத்துகளை வரிசையாக வைத்துவிட்டுப் பிள்ளைகள் இறங்கினார்கள். எங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாக இருந்தது. அரைமணி நேரம் கழிந்திருக்கும். பாக் சிக் என்னருகே வந்து, "சிக்கு, போதும். மேலே ஏறச் சொல்லுங்கள்" என்றார். ஆசிரியரை மலாய்க்காரர் அழைக்கும் சொல் அது. எதற்காக என்று கேட்டேன். அவர் மலையுச்சியைக் காட்டினார். உச்சி தெரியவில்லை, அவ்விடத்தில் கரிய முகில் ஒன்று அமர்ந்திருந்தது. "அங்கே மழை பெய்கிறது" என்றார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அருவியின் ஓசையைக் கேட்டு ஐந்து வாக்கியம் எழுதும் பயிற்சி இன்னும் முடியவில்லை. "பத்து நிமிடம் மட்டும், பாக் சிக்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் சினம் இல்லை. "சிக்கு, தண்ணீர் நிமிடம் பார்ப்பதில்லை" என்று சொல்லிவிட்டு, என் மறுமொழிக்குக் காத்திராமல், கழுத்தில் தொங்கிய ஊதலை எடுத்து ஊதினார். மூன்று முறை. பிள்ளைகள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் சொல்லுக்காகக் காத்திருக்கப் பழக்கப்பட்ட பிள்ளைகள்! அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவனும் நானே. ஒரு கணம் கழித்தே நான் கையை உயர்த்தினேன். ஆசிரியர்கள் இறங்கி, கைப்பிடித்துக் கரையேற்றினார்கள். தலைகளை எண்ணினேன், இருபத்திரண்டு. மீண்டும் எண்ணினேன்.

முதலில் நீரின் நிறம் மாறியது. தேநீர் போல் ஆயிற்று. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. பிறகு ஓர் இரைச்சல். சற்றுமுன் பிள்ளைகள் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்த பாறைகள் கண்ணெதிரே ஒவ்வொன்றாய் மறைந்தன. பெரிய வெள்ளம் என்று சொல்லமாட்டேன். என் இடுப்பளவு இருந்திருக்கலாம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது கழுத்தளவு. எடுக்க மறந்த ஒற்றைச் சப்பாத்து, சுழன்று சுழன்று சென்று வளைவில் மறைந்தது.

மலாயில் இதனைக் 'கெப்பாலா ஆயேர்' என்பார்கள், நீரின் தலை. மேலே பெய்யும் மழை, குறுகிய மலையோடைகளில் திரண்டு, வானம் வெளுத்திருக்கும் அடிவாரத்தில் திடீரென இறங்கும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், இதே மலையிலிருந்து பாறையையும் வேரோடு பெயர்ந்த மரங்களையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு வந்த வெள்ளம், அந்த யான் வட்டாரத்தில் ஆறு உயிர்களைக் கொண்டது. நான் அதைச் செய்தித்தாளில் படித்தவன். படித்திருந்தும் பத்து நிமிடம் கேட்டேன்.

பேருந்தில் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. என் கைகள் ஈப்போ தாண்டும்வரை நடுங்கிக்கொண்டிருந்தன.

பள்ளி திறந்ததும் அறிக்கை எழுத வேண்டும். உடன் வந்த துணைத் தலைமையாசிரியர் நல்லவர், என்மேல் அன்புடையவர். "ஐயா, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை எழுதினால் இனி எந்தப் பள்ளியையும் மலைக்கு விடமாட்டார்கள். பிள்ளைகளுக்குத்தான் இழப்பு" என்றார். அவர் கூறியதில் உண்மை இருந்தது. அன்றிரவு முழுவதும் அந்த உண்மையோடு போராடினேன். எழுதாமல் விட்டால் காப்பாற்றப்படுவது பிள்ளைகளின் விடுமுறையா, என் பெயரா என்று பிரித்தறிய என்னால் முடியவில்லை. பிரித்தறிய முடியாதபோது எழுதிவிடுவதே முறை என்று பட்டது. எழுதினேன். வழிகாட்டி ஊதல் ஊதியதையும், அதற்கு முன் நான் காலம் நீட்டிக்கக் கேட்டதையும் எழுதினேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் சொன்னேன். ஒரு தந்தை எழுந்து, என்னை நம்பித் தாம் செய்த தவறு அது என்றார். மற்றொருவர், உண்மையைச் சொன்ன பிறகு ஏன் சத்தம் போடுகிறீர்கள் என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வெகுநேரம் பேசிற்று. இனி மலைக்குச் செல்லலாம், நீர்நிலைக்குச் செல்லக்கூடாது என்று ஒரு தீர்மானம் ஆயிற்று. அருவி இல்லாத மலையை எங்கே தேடுவது? ஊதலும், நீரின் நிறத்தைக் கண்காணிக்க ஓர் ஆசிரியரும், உள்ளூர்க்காரர் சொன்னால் மறுபேச்சில்லை என்னும் விதியும் போதுமென்று நான் கருதினேன். ஆனால் அன்று அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. அடுத்த கூட்டத்திற்காக எழுதி வைத்திருக்கிறேன்.

பூக்கடை அம்மையார் கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. வெள்ளம் கொண்டுபோனது அவர் மகனின் சப்பாத்து. அந்த வாரச் சனிக்கிழமை மஸ்ஜித் இந்தியாவிற்குப் போனேன். அவர் மல்லிகைச் சரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "சார், பதில் சொல்றேன்னு சொன்னீங்க. சொல்லிட்டீங்க" என்றார். பாராட்டா, கண்டனமா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். எஞ்சிய ஒற்றைச் சப்பாத்தைக் கழுவி அலமாரியில் வைத்திருக்கிறானாம்; தூக்கிப் போடச் சொன்னால் கேட்க மாட்டேனென்கிறானாம்.

பழைய கடைக்கே சென்றேன். இடக்கால் மட்டும் வேண்டும் என்றதற்குக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒற்றையாக விற்பதில்லை என்றார். சோடியாகவே வாங்கினேன், பையன் வளர்கிறவன் அல்லவா, அரை அங்குலம் பெரியதாகப் பார்த்து.